1030-இல் வரும் பட்டை சல்பாக்சைடா, களிமண்ணா?

வெற்றிட வடிப்பின் அடி எச்சத்திலிருந்து என்-ஹெப்டேனால் பிரித்த அஸ்பால்டீன் (கச்சா எண்ணெயில் ஹெப்டேனில் கரையாத கனமான பகுதி). அதன் அகச்சிவப்பு நிறமாலையில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1600, 1460, 1376 பட்டைகள் அசையவில்லை, 1030 செ.மீ⁻¹ பட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் வருகிறது.

வைரப் படிக ஏ.டி.ஆர். (படிகத்தின் பரப்பில் ஒட்டிய மாதிரியை அளக்கும் முறை), பிரிதிறன் 4 செ.மீ⁻¹, 64 ஸ்கேன். டொலுவீனில் கரைத்துப் படிகத்தின்மேல் சொட்டி உலர்த்துகிறேன். டொலுவீனின் 694 பட்டை மறையும்வரை உலர்த்தியும் பலனில்லை. நைட்ரஜனில் உலர்த்தியபோது கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அதனால் ஆக்சிஜனேற்றம் (மாதிரியிலுள்ள கந்தகம் சல்பாக்சைடாவது) மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 0.45 மைக்ரானில் வடிகட்டியும் பார்த்தாயிற்று. கயோலினைட் என்ற களிமண் கனிமமும் 1030 அருகேதான் உறிஞ்சும். அதற்குரிய 3620, 3695 பட்டைகளைத் தேடினால், ஏ.டி.ஆரில் அந்தப் பக்கம் சமிக்ஞையே மெலிந்து இரைச்சலில் மூழ்கிவிடுகிறது.

கையில் 200 மில்லிகிராம்தான் மிச்சம். அதை எரித்துச் சாம்பலாக்காமல் சல்பாக்சைடையும் களிமண்ணையும் பிரித்தறிய, நீங்கள் செய்து பார்த்து நம்பும் வழி எது?