வாஸ்கோ றோசி லைவ் அல்பம்: சனம் பாடும் சத்தம் பிழையா, வேண்டுமென்று விட்டதா?

கிளிநொச்சி_ஸ்பீக்கர்செற்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணா இத்தாலியில் றெஜ்ஜியோ எமிலியா பக்கம் பல வருடமாக இருக்கிறார். போன மாதம் ஊருக்கு வந்தவர் ஒரு பென் ட்ரைவ் நிறையப் பாட்டுப் போட்டுத் தந்துவிட்டுப் போனார். அதில் பாதிக்கு மேல் வாஸ்கோ றோசி என்ற ஒருவரின் பாட்டுகள், 1952இல் பிறந்த மனிசன். அவருடைய ‘மொடேனா பார்க்’ லைவ் அல்பத்தைத்தான் ஒரு கிழமையாக லாண்ட்மாஸ்ரரில் போகும்போதுகூடக் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

எனக்குத் தொழில் ஸ்பீக்கர் கட்டுவது. கோவில், கல்யாணவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்று எல்லாவற்றுக்கும் போவேன், அதனால்தான் இந்தக் கேள்வி. இந்த ஆள் முதல் வரியைத் தொடங்கினாரோ இல்லையோ சனம் பிடித்துக்கொள்கிறது, அதற்குப் பிறகு அவருடைய குரலை நாங்கள்தான் தேட வேண்டும். கடைசிப் பாட்டு ‘அல்பாகியாரா’வில் பாடுவது அவரா சனமா என்றே தெரியவில்லை. நான் இப்படி ஒரு றெக்கோர்டிங்கைக் கொடுத்தால் கோவில் நிர்வாகம் மிச்சக் காசு தராது. இது பிழையாகப் பதிந்ததா, வேண்டுமென்றே விட்டதா? அவருடைய வேறு லைவ் அல்பங்களில் எதைக் கேட்கலாம்? பாஷை ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் அந்தக் கடைசிப் பாட்டு மண்டையை விட்டுப் போகுதில்லை.

முறிகண்டிக்_கச்சான்

நீங்கள் ஸ்பீக்கர் கட்டினால் பாடகரும் கேட்காது சனமும் கேட்காது, ஜெனரேற்றர் மட்டும்தான் கேட்கும். எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவை மறக்கவில்லை.

போ_ஆற்றங்கரை

கச்சான், சும்மா இருங்கோ. தம்பி, நான் மொடேனாவில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டாகச் சொல்லப் போகிறேன்.

அந்தக் கச்சேரி 2017 ஜூலை 1ஆம் திகதி, இங்கே என்ஸோ பெராரி பார்க்கில் நடந்தது. வாஸ்கோ பாட வந்து 40 வருடம் என்பதற்காக. காசு கொடுத்து ரிக்கற் வாங்கி வந்த சனம் மட்டும் 2,20,000க்கு மேல். ஆள் பிறந்தது ஸொக்கா என்ற மலையூர், அதுவும் இதே மொடேனா மாகாணம்தான், ஆகவே வீட்டு முற்றத்தில் பாடின மாதிரி. பலேர்மோவில் இருக்கிற எங்கடை ஆட்கள் மலையேறி சாந்தா றொசாலியா என்ற புனிதையைக் கும்பிடுகிற மாதிரி இங்கத்தைய ஆட்களுக்கு வாஸ்கோ என்று நான் பகிடிக்குச் சொல்வதுண்டு, ஒருவரும் கோவிப்பதில்லை.

நான் வேலை செய்கிற சமையலறையில் பெரிய குசினிக்காரர் அறுபது தாண்டினவர். காலையில் யாரோடும் கதைக்கமாட்டார். றேடியோவில் ‘சியாமோ சோலோ நொய்’ போனால் மட்டும் (1981ஆம் வருடத்துப் பாட்டு, ‘நாங்கள் மட்டும்தான்’ என்று அர்த்தம்) முதலிலிருந்து கடைசிவரை சொல் தப்பாமல் பாடுவார். ஒருநாள் அப்படிப் பாடினதில் அடுப்பில் வெங்காயம் கருகிவிட்டது, ஏச்சு விழுந்தது எனக்கு. ஆகவே நீங்கள் கேட்கிற அந்தச் சனத்தின் சத்தத்துக்குள் இப்படிப்பட்ட ஆட்கள்தான் நிற்கிறார்கள். இன்னொன்று, இதே வாஸ்கோ 1983இல் சான்றெமோ பாட்டுப் போட்டியில் ‘வீத்தா ஸ்பெரிகொலாத்தா’ பாடி கடைசிக்கு முதல் இடம்தான் எடுத்தார். இன்றைக்கு அந்தப் பாட்டு தெரியாத ஆளை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லைவ் அல்பம் என்றால் முதலாவது 1984இல் வந்த ‘வா பேனே, வா பேனே கொசீ’, பிறகு 1990இல் ‘ப்ரோந்தே டெல் பால்கோ’. என்னைக் கேட்டால் 1984 அல்பத்தில் தொடங்குங்கள். இளம் குரல், சின்ன றொக் பாண்ட், கிற்றார் முன்னுக்கு நிற்கும். மொடேனா பார்க்கில் பாதி பாட்டு, பாதி திருவிழா.

முள்ளியவளை_மாமா

தம்பி, பிழை இல்லை, வேண்டுமென்று விட்டதுதான். பெரிய கச்சேரிகளில் மேடை விளிம்பில் சனத்தைப் பார்த்து தனி மைக்குகள் வைப்பார்கள். பாடுகிறவர் காதுக்குள் மொனிற்றர் (தன் பாட்டைத் தானே கேட்கிற சின்ன ஸ்பீக்கர்) போட்டிருப்பார், அது காதை அடைத்துவிடும், சனம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதற்காகவும் அந்த மைக் வேண்டும், அல்பத்துக்காகவும் வேண்டும். எவ்வளவு திறக்கிறது என்பது பிறகு மிக்ஸ் பண்ணுகிறவரின் கை.

சனம் கொஞ்சம் இழுத்துப் பாடுகிற மாதிரிக் கேட்குமே, கவனித்தாயா? வற்றாப்பளைப் பொங்கலுக்கு றோட்டு நீளத்துக்கு ஹோர்ன் கட்டின அனுபவம் உனக்கும் இருக்கும்தானே. சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர்தான் ஓடும். மேடையிலிருந்து 170 மீற்றர் தள்ளி நிற்கிறவனுக்கு அரைச் செக்கன் பிந்தித்தான் கேட்கும், அவன் அதைக் கேட்டுத் திருப்பிப் பாடுகிற சத்தம் மேடைக்கு வர இன்னும் அரைச் செக்கன். நடுவில் ஸ்பீக்கர் கோபுரம் நட்டு, அதன் சத்தத்தைக் கணக்குப் பார்த்துப் பிந்தவிட்டால் சனத்துக்கு இரட்டைச் சத்தம் கேட்காது. ஆனால் சனத்தின் குரல் திரும்பி வருகிற பிந்தலை ஒருவராலும் நிற்பாட்ட ஏலாது.

பிள்ளை 1990 என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வருடத்தோடுதான் எங்கடை பக்கம் கரண்ட் போனது. சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் கேட்ட காலம் வந்தது. சுற்றுகிற பெடியன் களைத்தால் பாடகியின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும். ‘சுத்தடா, சுத்தடா’ என்று நாலைந்து பேர் கத்துவோம். அதை யாராவது பதிந்திருந்தால் அதுவும் ஒரு லைவ் அல்பம்தான்.

கிளிநொச்சி_ஸ்பீக்கர்செற்

மாமா, நேற்று இரவு ஹெட்போன் போட்டுத் திரும்பக் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி. பக்கத்தில் நிற்கிற சனம் பாட்டோடு பாடுகிறது, அதற்குப் பின்னால் தூரத்தில் அதே சொல் இன்னொரு தரம் மெல்ல வந்து விழுகிறது, குளக்கட்டில் நின்று கூப்பிட்ட மாதிரி. முதல் கேட்டபோது அதைத்தான் மோசமான எக்கோ என்று நினைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் அவர் பாடாமலே விட்டுவிடுகிறார், வரி முழுதும் சனம்தான்.

அக்கா, 1984 அல்பம் இருக்கிறதா என்று அண்ணாவிடம் கேட்டேன். அது தன்னுடைய முதலாளி கேட்கிறது என்கிறார். வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பொங்கலுக்கு நானும் ஒரு மைக்கைச் சனத்தின் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கப் போகிறேன்.

முறிகண்டிக்_கச்சான்

முதலில் ஜெனரேற்றரை வளவுக்கு வெளியில் கொண்டுபோய் வையுங்கோ.