வெளிநாடு போன பிறகு பானை வனையக் கற்றவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலூர் வண்டிப்பாளையம், இப்போது பாரிஸ் புறநகர்

கல்யாணமாகி பிரான்ஸுக்கு வந்த நம் பக்கத்துப் பெண்கள் சிலர், இங்கே பானை வனையக் கற்றுக்கொள்ள எங்கே போவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வண்டிப்பாளையம் கொலு பொம்மைக்குப் பேர்போன இடம். அச்சில் மண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் ஒட்டி, ஒட்டின கோடு தெரியாமல் ஈரத்துணியால் தடவிவிடுவது சின்ன வயதிலிருந்தே எனக்குக் கைப்பழக்கம். சக்கரத்தில்தான் உட்கார்ந்ததே இல்லை. இங்கே வந்த புதிதில் மொழி தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்த குளிர்காலத்தில், மண்ணைத் தொட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

இங்கே மாதம் முக்கியம். வகுப்புகள் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். செப்டம்பர் தொடக்கத்தில் பல ஊர்களில் உள்ளூர்ச் சங்கங்கள் எல்லாம் ஒரே இடத்தில் மேசை போட்டு உட்காரும். 'ஃபோரம் தேஸ் அசோசியாசியோன்' என்று சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள். சக்கரங்கள் கொஞ்சம்தான் இருக்கும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். நகராட்சி வகுப்பென்றால் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போடுவார்கள். அதனால் வருமானவரித் தாள் கையில் இருக்கட்டும்.

நான் முதலில் போனது தனியார் பட்டறை ஒன்றுக்கு. பிசைந்த மண்ணை உருண்டையாக எடுத்து வைத்திருந்தார்கள். நான் வனைந்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சில வாரம் கழித்துப் பளபளவென்று கையில் கொடுத்தார்கள். நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு அது போதும். தொழிலாகக் கற்க நினைக்கிறவர்களுக்குப் போதாது. அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: சக்கரம் எத்தனை இருக்கிறது என்று கேட்காதீர்கள், சூளையை யார் அடுக்குகிறார்கள் என்று கேளுங்கள். மாணவர்களைச் சூளைப் பக்கம் விடுகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

நகராட்சி வகுப்பில் எங்கள் ஆசிரியை எங்களைச் சூளைப் பக்கம் விட்டார். மின்சாரச் சூளைதான், ஆனால் கற்றது ஏராளம். முதல் சூட்டில் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கலாம், ஒன்றுக்குள் ஒன்றைக்கூட வைக்கலாம். மெருகு (கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு) பூசிய பிறகு அது நடக்காது. மெருகு உருகிக் கண்ணாடியாகும்போது பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு விரல் போகும் அளவுக்காவது இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியையும் ஈரப் பஞ்சால் துடைத்து மெருகை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூளைத் தட்டோடு சேர்ந்து உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். முதல் சூடு 1000 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். ஆனால் பயமெல்லாம் முதல் 100 டிகிரியில்தான். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் ஆவியாகிப் பாத்திரத்தையே வெடிக்க வைத்துவிடும். ஆசிரியை அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று ஒதுக்கிவிடுவார். நானும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

விறகுச் சூளையைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் லா போர்ன் கிராமத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஊரே குயவர் ஊர். அங்கே ஒரு சூளையில் உச்சச் சூட்டின்போது உப்பைப் போட்டார்கள். உப்பாவி மண்ணில் இருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து பாத்திரத்தின் மேல் படலமாகப் படிந்துவிடும், தனியாக மெருகு பூச வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷமே வேறு!

சான்றிதழ் வேண்டுமென்றால் வனைதலுக்கென்றே சேஆபே (CAP) என்ற தொழிற்சான்றிதழ் இருக்கிறது. கொடுத்த வரைபடத்தின் அளவுக்கு ஒரே மாதிரி பாத்திரங்களை வரிசையாக வனைந்து காட்ட வேண்டும். இங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சிக்கென்று அரசுக் கணக்கு ஒன்று உண்டு. பாதி நேர வேலைக்குக் குறையாமல் பார்த்தால் பொதுவாக ஆண்டுக்கு 500 யூரோ அதில் சேரும், 5000 வரை போகும். அந்தப் பணத்தை இதற்குப் பயன்படுத்த முடியுமா என்று பயிற்சி நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

—

கடலூர் முதுநகர், இப்போது சிங்கப்பூர்

அக்கா சூளையைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே ஜூரோங் பக்கம் தாவ் குவாங் என்ற இடத்தில் 1940ல் கட்டிய விறகுச் சூளை இன்னும் இருக்கிறது. சரிவில் நீளமாகப் படுத்திருக்கும், டிராகன் சூளை என்பார்கள். முன்வாயில் மட்டுமில்லாமல் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகவும் விறகு போடுவார்கள். வகுப்பும் நடக்கிறது. சூளை அடிக்கடி எரியாது, எப்போது எரிக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் சமூக மன்றங்களில் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமான ஒன்று. வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகள், பட்டறையில் "கூடமாட வந்து உதவு, அப்படியே கற்றுக்கொள்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் அனுமதி ஒரு முதலாளிக்குத்தான். நான் பணம் கட்டிய மாணவனாகவே போனேன், ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

—

விருத்தாசலம்

கிளம்பாமல் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: நம் மாவட்டத்திலேயே, விருத்தாசலத்தில், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்று அரசு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. கைவினை வேறு, இது வேறு. ஆனாலும் மண், சூடு, மெருகு பற்றிய கணக்கெல்லாம் தெரிந்துகொண்டு போனால் எந்த நாட்டிலும் உதவும்.

—

வில்லியனூர், புதுச்சேரி

எங்கள் வீட்டில் அப்பா இன்னும் சூளை போடுகிறார். எங்கள் ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சுடுமண் கலைஞர் முனுசாமி ஐயாவுக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கப்புறம் விசாரித்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், எங்களுக்கெல்லாம் பெருமைதான்.

புதுச்சேரியில் இரண்டு வழி இருக்கிறது. உயர்சூட்டில் மெருகு போட்டுச் சுடுகிற வழியை இங்கே வேரூன்ற வைத்தவர்கள், 1971ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும். அவர்களிடம் கற்றவர்கள் ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வகுப்புக்குப் போனவர்களுக்கு அந்த வழி பழகினதாக இருக்கும்.

எங்கள் வழி வேறு. சக்கரத்திலிருந்து எடுக்கும்போது எங்கள் பானைக்கு அடி கிடையாது, ஓட்டையாகத்தான் இருக்கும். நிழலில் வாடவிட்டு, உள்ளே உருண்டைக் கல்லை அண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே பலகையால் தட்டித் தட்டி மூடுவோம். தட்டத் தட்ட மண் இறுகி, சுவர் மெலிந்து, பானை பெரிதாகும். போன வருஷம் ஜெர்மனியிலிருந்து வந்த நம்ம ஊர்ப் பையன் சக்கரத்தில் அழகாக வனைந்தான். அடி தட்டச் சொன்னதும் கிழித்துவிட்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கிழிந்ததைத் தொட்டித் தண்ணீரில் போட்டார். "சுடாத மண்ணுக்கு நஷ்டமே கிடையாதுப்பா, இன்னொண்ணு எடு" என்றார். ஊருக்குக் கிளம்புகிற நாளில் அவன் தட்டி மூடிய சின்னப் பானை ஒன்று சூளைக்குப் போயிற்று.

வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, திறந்தவெளிச் சூளை போட முடியாது. மார்கழியில் பொங்கல் பானை வேலை, அப்பாவுக்குப் பேசக்கூட நேரம் இருக்காது. மாசியிலிருந்து ஆனி வரைக்கும் நிதானமாகக் கற்றுக்கொடுப்பார். ஆடி, ஆவணி விடுமுறையில்தான் வர முடியும் என்கிறவர்களும் வாருங்கள். பிள்ளையார் செய்கிற வேலை நடந்துகொண்டிருக்கும், மண் மிதிக்க எப்போதும் ஆள் வேண்டும்.