மறுமொழி: 'நூலிடைக் குளவி' வேண்டாம்; மடிசிறகுக் குளவி, மண்ணப்பி

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

மண்கூடு கட்டும் குளவிகளுக்குத் தமிழ்ப்பெயராக இங்கே முன்வைத்த 'நூலிடைக் குளவி' காதுக்கு இனிய சொல்தான். ஆனால் மண்கூடு கட்டும் இரண்டு வகைக்கும் இடை மெலிந்துதானே இருக்கிறது? ஊரில் இரண்டையும் வேட்டுவன் என்றே சொல்கிறோம். களத்தில் நிற்பவருக்கு இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் வேண்டும்.

போன சித்திரையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே இரண்டையும் ஒரே காலையில் பார்த்தேன். ஒன்று, மண்ணில் குடுவை செய்யும் குளவி; தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய், காய்ந்த மண்ணில் உமிழ்ந்து குழைத்தது. உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகுகளை நீளவாக்கில் மடித்துக்கொண்டதால் சிறகு ஒடுங்கிய பட்டையாகத் தெரிந்தது. மற்றது தொட்டியடிச் சேற்றையே ரீங்கரித்தபடி உருட்டி எடுத்தது. அதன் சிறகில் மடிப்பே இல்லை. இடையோ ஊசிபோல நீண்டிருந்தது.

அந்த மடிப்புதான் அடையாளம். கதண்டுக்கும், மரநாரை மென்று தாள்போல் கூடு கட்டும் குளவிக்கும், குடுவை செய்யும் குளவிக்கும் அது பொது. ஆகவே இவையெல்லாம் அடங்கும் வெஸ்பிடே (Vespidae) குடும்பத்துக்கு 'மடிசிறகுக் குளவிகள்' என்பது என் பரிந்துரை. மடித்த, மடிக்கின்ற, மடிக்கும் சிறகு என வினைத்தொகையாக விரியும். 'மடிசிறை' என்றால் இன்னும் செறிவு என்று ஒருவர் எழுதியிருந்தார். சிறகைச் சிறை என்னும் குறுந்தொகையின் 'அஞ்சிறைத் தும்பி' எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இன்று பள்ளிப் பிள்ளைக்குச் சிறை என்றால் கம்பிக்கதவுதான்.

சேறு உருட்டும் மற்றதற்கு 'மண்ணப்பி' என்று சொல்லலாமா? மரங்கொத்தி, மீன்கொத்தி போல, செய்யும் வேலையே பெயர். அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டி, மேலே மண்ணை அப்பி மெழுகிவிடுகிறது. உள்ளே இருப்பவை செயலிழந்த சிலந்திகள். குடுவைக் குளவி சேர்ப்பதோ பெரும்பாலும் கம்பளிப்புழு மாதிரியான புழுக்களை; புழுவைக் கொண்டுவருமுன்பே முட்டையை மெல்லிய இழையில் குடுவைக்குள் தொங்கவிடும்.

நம் பக்கத்து மண்ணப்பி ஒன்றுக்கு 1781லேயே டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரிசியஸ் மதராஸின் பெயரைச் சூட்டிவிட்டார்: ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம். இத்தனை ஆண்டாகியும் அதற்கென்று நம்மிடம் தனிச்சொல் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

பூமீது அந்தரத்தில் நிற்கும் மஞ்சள் பட்டைப் பூச்சியை உங்கள் குளவிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சிறகு ஓரிணைதான், அது ஈ.

குடுவைக் குளவியா, குயவக் குளவியா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. உங்கள் ஊர் வழக்கை எழுதுங்கள்.