மணல் அடுக்கு: பழைய சுனாமியா, புயலா?

வண்டல்
முதுகலை ப்ராஜெக்ட். நாகப்பட்டினம் கரையில், மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் களிப்பள்ளத்தில் திருகு ஆகர் (மண்ணைத் துளைத்து மாதிரி எடுக்கும் கருவி) போட்டதில், 70 செ.மீ. ஆழத்தில் 6 செ.மீ. தடிமனுக்கு வெள்ளை மணல். மேலும் கீழும் கருங்களி. கடலிலிருந்து 400 மீட்டர். சிப்பித் துண்டுகளும் இருக்கின்றன. 2004-க்கு முந்தைய சுனாமி என்று எழுதலாமா? 1952, 1977 புயல்களும் இதே கரையில்தான் ஏறின என்பதால் தயக்கம். கார்பன் தேதிக்கு ஒரு மாதிரிக்குத்தான் காசு இருக்கிறது. சிப்பியை அனுப்பவா?

ஓதம்
ஒரு துளையை வைத்து எழுதாதீர்கள். நண்டு வளைக்குள் மேல்மணல் இறங்கி அடைத்திருந்தால், அதுவும் ஆகரில் 6 செ.மீ. "அடுக்கு" மாதிரியே வரும். திருகு ஆகர் வேறு களியையும் மணலையும் குழப்பி, எல்லைக்கோட்டைக் கெடுத்துவிடும். அரைவட்டக் குழாய் ஆகர் எடுங்கள். இல்லாவிட்டால் பி.வி.சி. குழாயை அடித்து இறக்கி, நெடுக்கில் பிளந்து பாருங்கள்.

கடலுக்குச் செங்குத்தாக ஒரு கோடு, 20 மீட்டருக்கு ஒரு துளை, மணல் முழுக்க மறையும்வரை. கரைக்கு இணையாக இன்னொரு கோடு. உள்ளே போகப் போக அடுக்கு மெலிகிறதா, மணல் நுண்மையாகிறதா, பள்ளத்தில் தடித்து மேட்டில் மெலிந்து நிலத்தை ஒட்டியே போகிறதா என்று குறியுங்கள்.

வித்தியாசம் அலையின் கால அளவில் இருக்கிறது. புயலில் சில விநாடிக்கு ஓர் அலை, பல மணி நேரம். அதனால் மெல்லிய வரிகள் நிறைய, சரிவான படுகைகள், மேடு உடைந்த இடத்துக்குப் பின்னால் தடித்த விசிறி. பெரும்பாலும் 300 மீட்டருக்குள் முடிந்துவிடும். சுனாமியில் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. பெரும்பாலும் 25 செ.மீ.க்கும் குறைவான படலம். கீழே பருமணல், மேலே நுண்மணல், அப்படி ஒன்றிரண்டு முறை. உங்கள் 400 மீட்டர் இந்த எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் தூரம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது மணலின் அடி எல்லைதான். குழி வெட்டி, சுவரைக் கரண்டியால் சீவிப் பாருங்கள். வெட்டியது போன்ற எல்லை, நிலத்துப் பக்கம் சாய்ந்து படுத்த புல்தண்டு, வெள்ளை மணலுக்குள் கோலிக்குண்டு அளவில் கருங்களிக் கட்டி, இவை இருந்தால் தரையைப் பெயர்த்துக்கொண்டு ஓடிய நீர்.

குவார்ட்ஸ்
சிப்பியை அனுப்பாதீர்கள். கடல்நீரின் பழைய கார்பன் அதில் கலந்திருக்கும். அலை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே செத்த சிப்பியாகவும் இருக்கலாம். மணலுக்குள் கிடக்கும் மரத்துண்டுக்கும் இதே சிக்கல். மணலுக்கு நேர் கீழே, களியின் மேல் 1 செ.மீ.யில் விதை, இலை தேடுங்கள். அதன் தேதிக்குப் பிறகுதான் மணல் வந்தது என்று சொல்லலாம். பிறகு காசு கிடைத்தால் மணலுக்கு நேர் மேலே ஒன்று.

தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் செய்ததும் இதுதான். மணல்வரப்புகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் 2004 படலத்துக்குக் கீழே இன்னொரு மணற்படலம். அதற்கு அடியில் இருந்த மண்ணில் கிடைத்த மரப்பட்டைத் துணுக்குகளை வைத்து, 550–700 ஆண்டுகளுக்கு முன் என்று தேதி குறித்தார்கள். 2008-இல் வெளியானது.

ஓ.எஸ்.எல். (மணல் துகள் கடைசியாக வெயில் பட்டதிலிருந்து சுற்றுக் கதிர்வீச்சை எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று அளந்து வயது காணும் முறை) செய்வதானால், ஒளி புகாத 4 செ.மீ. குழாயைக் குழிச்சுவரில் கிடையாக அடியுங்கள். 6 செ.மீ. அடுக்குக்கு அதற்கு மேல் பெரிய குழாய் ஆகாது. காமா கதிர் சுற்றிலும் சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து வருவதால், மேல்களி, கீழ்களி இரண்டிலும் தனி மாதிரி வேண்டும். பலர் இதை மறந்து தேதியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கலங்கல் நீரில் வந்த மணல் வெயிலே பார்த்திருக்காது, ஆகவே வயது கூடுதலாகக் காட்டும். துகள் துகளாகத் தனித்தனியே அளக்கும் ஒற்றைத் துகள் முறை கேளுங்கள்.

கழிமுகம்
மூன்றாவது சந்தேகத்தை யாரும் சொல்லவில்லை: காவிரிக் கிளை வெள்ளம். ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள நுண்ணிய கடல் உயிரிகள்) பாருங்கள். 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, தங்கியதை நுண்ணோக்கியில் எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் ஆற்று மணலோ என்று யோசியுங்கள். ஆனால் அமிலத்தன்மையுள்ள களியில் ஓடு கரைந்தும் போயிருக்கும். இருந்தால் கடல்மணல் என்று மட்டும்தான் பொருள், சுனாமி என்று அல்ல. கரையோர இனங்களோடு ஆழ்கடல் பக்கத்து இனங்களும் கலந்திருந்தால் வாதம் வலுக்கும். கருமணல் வரியை ஆதாரமாக எழுதாதீர்கள். புயலும் அதைத் திரட்டும்.

மணல் முடியும் இடம் நீர் முடிந்த இடம் அல்ல. 2011 சுனாமியில் ஜப்பானின் செண்டாய் சமவெளியில் நீர் நாலரை கி.மீ. அளவுக்கு ஏறிய இடத்தில் மணல் மூன்று கி.மீ.க்குள் நின்றுவிட்டது, அதற்கப்பால் வெறும் சேறு.

பெரும்பாறை கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். 2013 ஹையான் புயலின் அலைகள் பிலிப்பைன்ஸில் 180 டன் பாறையை நகர்த்தின.

பூம்புகாரைக் கடல் கொண்ட கதையோடு முடிச்சுப் போடும் ஆசை வரும். தேதி வரட்டும்.

வண்டல்
நன்றி. குழியில் 50 செ.மீ.யிலேயே நீர் ஊறுகிறது. என்ன செய்வது?

ஓதம்
சித்திரை, வைகாசியில் போங்கள். அப்போதும் ஊறினால் பக்கத்தில் ஓர் ஆழக்குழி வெட்டி, நீரை அங்கே இறக்கி இறைத்துக்கொண்டே இருங்கள். சுவர் சரிவதற்குள் முதலில் படம், பிறகு மாதிரி.