ஆண்டு மலரில் இணைய முகவரிகள் அச்சில் காணாமல் போகின்றன: இன்டிசைனில் ஹைப்பர்லிங்கை அடக்குவது எப்படி?

கல்முனை_லேஅவுட்

பாடசாலை ஆண்டு மலர் ஒன்று, பி5 அளவு. உள்பக்கங்கள் ஒரு கலர் கறுப்பு, அட்டை மட்டும் நாலு கலர். அச்சுக்குப் போற அதே மலரை பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கு பிடிஎஃப் ஆகவும் அனுப்ப வேணும். கட்டுரைகள் எல்லாம் வேர்ட் கோப்புகள். பாதி யுனிகோட், பாதி பழைய பாமினி எழுத்துரு.

பிரச்சினைகள் இவை. வேர்டில் இருந்து இன்டிசைனுக்குள்ள பிளேஸ் பண்ணினவுடனே இணைய முகவரிகள் எல்லாம் நீலமாக, அடிக்கோட்டோட வருது. லேசர் புரூவில் (சோதனைப் பிரதியில்) அது சாம்பல் நிறமாக விழுந்தது, சரி சமாளிக்கலாம் எண்டு விட்டாச்சு. அச்சுப் பிளேட்டில் பார்த்தால் முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கு. கேரக்டர் ஸ்டைல்ஸ் பேனலில் ஹைப்பர்லிங்க் ஸ்டைலை அழித்தால் போகுது, அடுத்த கட்டுரையைப் பிளேஸ் பண்ணினால் திரும்பி வந்து நிக்குது. சில முகவரிகளைச் சுற்றி பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வேற. பாமினிக் கட்டுரைகளில் முகவரி "றறற." எண்டு தொடங்குது.

அச்சுக்கு ஒரு கோப்பு, வட்ஸ்அப்புக்கு ஒரு கோப்பு எண்டு இரண்டாகப் பிரிக்க விருப்பமில்லை. கடைசி நேரத் திருத்தங்கள் ஒன்றில் ஏறும், மற்றதில் ஏறாது. ஒரே கோப்பில் முடிக்க வழி இருக்கா?

ஏறாவூர்_பிளேட்

முதல்ல ஏன் காணாமல் போச்சு எண்டதைச் சொல்றன். வேர்ட் 2013இலிருந்து 2023 வரைக்கும் போட்ட ஹைப்பர்லிங்க் நீலம், திரை நிற முறையான ஆர்ஜிபியில், 5, 99, 193. அது அச்சின் நாலு மை முறையான சிஎம்வைகேக்கு மாறும்போது சயானும் மஜெந்தாவுமாகப் பிரியும், கறுப்பில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. உள்பக்கத்துக்கு பிரஸ் எடுக்கிறது கறுப்பு பிளேட் மட்டும். அப்ப முகவரி எங்க வரும்? சயான் பிளேட்டிலும் மஜெந்தா பிளேட்டிலும் இருக்கு, அந்த இரண்டையும் ஒருத்தரும் எடுக்கல்ல. லேசர் பிரிண்டர் எல்லாக் கலரையும் சாம்பலாக்கி அடிக்கும், அதனால்தான் புரூவில் தெரிஞ்சது. ஒரு கலர் வேலையில் லேசர் புரூவை நம்பக் கூடாது.

பிளேட்டுக்கு அனுப்ப முதல் இதைப் பாருங்க: விண்டோ மெனுவில் அவுட்புட், அதுக்குள்ள செப்பரேஷன்ஸ் பிரிவியூ. மேலே வியூ எண்ட இடத்தில் செப்பரேஷன்ஸ் தெரிவு செய்து, கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணை மூடி விடுங்க. உள்பக்கம் முழுக்க வெள்ளையாக வேணும். திரையில் இன்னும் ஏதாவது தெரிஞ்சால் அதில் கறுப்பு அல்லாத மை கிடக்கு. அப்படியே பக்கம் பக்கமாகப் போனால் முகவரி மட்டுமில்ல, வேர்டில் யாரோ சிவப்பில் போட்ட திருத்தக் குறிப்பும் பிடிபடும்.

பிரஸ் கோப்பை முழுசாகச் சாம்பலுக்கு மாற்றி அனுப்பலாமே எண்டு யாரும் சொல்லுவாங்க. செய்யாதீங்க. முகவரி காணாமல் போகாது, ஆனால் புள்ளி புள்ளியாக விழும். 9 பொயின்ட் எழுத்தைப் புள்ளியில் அடிச்சால் ஓரம் சிதறும், வாசிக்க ஏலாது.

கல்லடி_டிசைன்

ஏறாவூர் காக்கா சொன்ன காரணம்தான். தம்பி, ஸ்டைலை அழிக்க வேண்டாம். அழிச்சால் வேர்ட் திரும்பக் கொண்டு வரும், இன்டிசைனும் புது இணைப்புப் போடும்போது தானாகவே ஒன்றை உண்டாக்கும். இருக்கட்டும், ஆனால் அது உங்கட சொல்லைக் கேட்க வேணும்.

நிறங்களைச் சேமிச்சு வைக்கிற ஸ்வொட்ச்சஸ் பேனலில் புதுசாக ஒரு கலர் செய்ங்க. நேம் வித் கலர் வெல்யூ எண்டதில் இருக்கிற சரிக்குறியை எடுத்துவிட்டு, "இணைப்பு நிறம்" எண்டு பெயர் வைங்க. கலர் மோட் சிஎம்வைகே, இப்போதைக்கு 0, 0, 0, 100. அடுத்து கேரக்டர் ஸ்டைல்ஸில் "ஹைப்பர்லிங்க்" ஸ்டைலை இரட்டை கிளிக் பண்ணி, கேரக்டர் கலரில் இந்த நிறத்தைக் கொடுங்க. அடிக்கோடு வேணுமா இல்லையா எண்டதையும் இந்த ஸ்டைலிலேயே தீர்மானியுங்க, எழுத்தைத் தெரிவு செய்து கையால் போட வேண்டாம். அடிக்கோட்டின் நிறத்தை டெக்ஸ்ட் கலர் எண்டே விட்டால் அது எழுத்தோட சேர்ந்து மாறும்.

இனி வேர்ட் கொண்டு வந்த நீலம். ஸ்வொட்ச்சஸில் வேர்ட், ஆர்5, ஜி99, பி193 எண்டு பெயரிலேயே எழுதிக் கிடக்கும். அதைக் குப்பைத் தொட்டியில் போடுங்க, எதைக் கொண்டு மாற்ற எண்டு கேட்கும். டிஃபைன்ட் ஸ்வொட்ச் தெரிவு செய்து "இணைப்பு நிறம்" கொடுங்க. ஊதா மாதிரி இன்னொன்றும் இருக்கலாம், 149, 79, 114. தட்டச்சு செய்தவர் தன்ர கணனியில் ஏற்கெனவே கிளிக் பண்ணின இணைப்புகள் அவை, அதையும் இதே மாதிரி மாற்றுங்க.

அடுத்த கட்டுரைகளுக்கு இந்தத் தொல்லையே வராமல் செய்யலாம். பிளேஸ் பண்ணும்போது ஷோ இம்போர்ட் ஒப்ஷன்ஸில் சரி போடுங்க. கஸ்டமைஸ் ஸ்டைல் இம்போர்ட், பிறகு ஸ்டைல் மெப்பிங். வேர்டின் ஹைப்பர்லிங்க், ஃபொலோட் ஹைப்பர்லிங்க் இரண்டையும் உங்கட ஸ்டைலுக்கு நேரே இணைத்துவிடுங்க.

இப்ப இரண்டு வெளியீட்டுக்கும் ஒரே கோப்பு. அச்சுக்கு அனுப்பும்போது இணைப்பு நிறம் 0, 0, 0, 100. வட்ஸ்அப்புக்கு அதே ஸ்வொட்ச்சைத் திறந்து மோடை ஆர்ஜிபி ஆக்கி 0, 0, 255 அல்லது உங்களுக்குப் பிடித்த கரு நீலம். ஒரே இடத்தில் மாற்றினால் மலர் முழுக்க மாறும். கட்டுரைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து புக் பேனலில் கோர்த்திருந்தால், ஸ்டைல் சோர்ஸாக வைத்த கோப்பில் மட்டும் மாற்றி சிங்க்ரனைஸ் பண்ணினால் போதும்.

அட்டையில் முகவரி வந்தால் ஒரு விஷயம் கவனம். இன்டிசைனின் சொந்த பிளெக் மற்றக் கலருக்கு மேல் ஓவர்பிரிண்ட் ஆகும். நீங்க உண்டாக்கின 100 வீதக் கறுப்பு ஓவர்பிரிண்ட் ஆகாது, கீழ் இருக்கிற கலரை வெட்டித்தான் உட்காரும். நாலு கலரில் பிளேட் கொஞ்சம் அசைஞ்சால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும். அட்டைக்கு நேரடியாக பிளெக்கையே கொடுங்க.

கறுப்புக் கட்டம் எழுத்தின் ஸ்டைல் இல்ல, அது பிடிஎஃப் இணைப்பின் தோற்றம். ஹைப்பர்லிங்க்ஸ் பேனலில் எல்லா இணைப்பையும் ஷிஃப்ட் பிடித்துத் தெரிவு செய்து, பேனல் மெனுவில் பிடிஎஃப் ஹைப்பர்லிங்க் அப்பியரன்ஸ். டைப் எண்டதை இன்விசிபிள் ரெக்டேங்கிள் ஆக்குங்க.

ஒலுவில்_தட்டச்சு

பாமினி விஷயத்துக்கு வாறன். பாமினியில் ஆங்கில "டபிள்யூ" இருக்கிற இடத்தில் "ற" உட்கார்ந்திருக்கு. கோப்புக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துருதான் அதை "றறற" எண்டு காட்டுது. அதனால் இணைப்புக்குச் சேதமில்லை, கிளிக் பண்ணினால் சரியான இடத்துக்கே போகும். ஹைப்பர்லிங்க் ஸ்டைலில் பேசிக் கேரக்டர் ஃபோர்மட்ஸுக்குள்ள ஒரு ஆங்கில எழுத்துருவைக் கொடுத்துவிட்டால் முகவரி முகவரியாகத் தெரியும். பாமினியோட பக்கத்தில் ஆங்கிலம் பெரிசாகத் தெரியும், அளவை ஒன்று ஒன்றரைப் பொயின்ட் குறையுங்க. இப்படி எழுத்துருவைக் கட்டின ஸ்டைலை யுனிகோட் கட்டுரைகளில் தமிழ்ச் சொல்லுக்குப் போட்ட இணைப்புக்குப் பாவிக்க ஏலாது, அந்த ஆங்கில எழுத்துருவில் தமிழ் இல்லாததால் கட்டம் கட்டமாக வரும். பாமினிக்குத் தனியாக இன்னொரு ஸ்டைல் வைங்க, நிறம் மட்டும் அதே "இணைப்பு நிறம்".

உண்மையான ஆபத்து கட்டுரையை பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும்போதுதான். கன்வேர்ட்டருக்கு முகவரி எது, தமிழ் எது எண்டு தெரியாது. முகவரியையும் சேர்த்து மாற்றிவிடும். அதுக்குப் பிறகு "றறற." எண்டது எழுத்துருவின் வேலை இல்ல, உள்ளே இருக்கிறதே தமிழ் எழுத்து. எந்த ஆங்கில எழுத்துரு கொடுத்தாலும் திரும்பாது, இன்டிசைன் அதை முகவரி எண்டு அடையாளம் காணவும் மாட்டுது. மாற்ற முதல் முகவரிகளை வெட்டி எடுத்து, அந்த இடங்களில் 1, 2, 3 எண்டு இலக்கம் வைங்க. ஏற்கெனவே மாற்றியாச்சு எண்டால் அந்தத் துண்டை மட்டும் பிரதி எடுத்து யுனிகோட்டிலிருந்து பாமினிக்குத் திருப்பி மாற்றினால் ஆங்கிலம் வெளியில் வரும். பெரும்பாலும் சரியாக வரும், ஆனாலும் கட்டாயம் ஒருக்கா உலாவியில் போட்டுப் பாருங்க.

கல்முனை_லேஅவுட்

மூன்று பேருக்கும் நன்றி. கறுப்புக் கண்ணை மூடிப் பார்த்தன், முகவரிகளோட சேர்த்து ஒரு அதிபர் செய்தியின் தலைப்பும் தெரிஞ்சது. அதுவும் நீலம்.

இன்னும் இரண்டு கேள்வி. தமிழ்ச் சொல்லுக்கு இணைப்புப் போட்ட இடங்களில் அடிக்கோடு எழுத்தின் காலை வெட்டுது, "மு", "கு", "ழ" எல்லாம் அசிங்கமாக இருக்கு. மற்றது, தமிழ் விக்கிப்பீடியா முகவரிகள். உலாவியில் தமிழாகத் தெரியுது, பிரதி எடுத்து ஒட்டினால் வீதக் குறியும் இலக்கமுமாக இரண்டு வரிக்கு ஓடுது.

கல்லடி_டிசைன்

இரண்டாவது முதல். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் முகவரியில் மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து, மொத்தம் ஒன்பது. புள்ளியும் விசிறி மாதிரியான குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். "மட்டக்களப்பு" எண்ட ஒரு சொல்லே 108 எழுத்தாகும். அதைப் பக்கத்தில் அச்சடிக்கிறதில் ஒரு பிரயோசனமும் இல்ல, ஒருத்தரும் பார்த்துத் தட்டச்சு செய்ய மாட்டாங்க. பக்கத்தில் "தமிழ் விக்கிப்பீடியா, மட்டக்களப்பு" எண்டு எழுதுங்க. அந்த நீண்ட முகவரியை நியூ ஹைப்பர்லிங்கில் யூஆர்எல் பெட்டிக்குள்ள மட்டும் ஒட்டுங்க. அச்சு வாசகருக்குக் கட்டாயம் வேணும் எண்டால் ஒப்ஜெக்ட் மெனுவில் ஜெனரேட் கியூஆர் கோட். வெக்டராகவே வரும், 2 சென்ரிமீற்றருக்குக் குறைக்க வேண்டாம். நாலு பக்கமும் நாலு கட்ட அளவுக்கு வெள்ளை இடம் விடுங்க. முகவரி நீளமாக இருந்தால் கட்டங்கள் சின்னதாகும், அப்ப இன்னும் பெரிசாக்க வேணும்.

அச்சடிக்கிற ஆங்கில முகவரி வரி முடிவில் உடைஞ்சால், இடையில் ஹைஃபன் வராமல் பார்க்க வேணும். வாசகர் அதையும் முகவரியின் பகுதி எண்டு நினைப்பார். ஸ்டைலில் அட்வான்ஸ்ட் கேரக்டர் ஃபோர்மட்ஸுக்குப் போய் லாங்குவேஜை நோ லாங்குவேஜ் ஆக்குங்க. உடைய வேண்டிய சாய்கோட்டுக்குப் பிறகு டைப் மெனுவில் இன்சர்ட் பிரேக் கேரக்டர், டிஸ்கிரெஷனரி லைன் பிரேக். தேவைப்பட்டால் மட்டும் அந்த இடத்தில் உடையும்.

அடிக்கோட்டுக்கு அண்டர்லைன் ஒப்ஷன்ஸில் தடிப்பு 0.5 பொயின்ட், ஒஃப்செட்டை 11 பொயின்ட் எழுத்துக்கு 3 பொயின்டிலிருந்து கூட்டிப் பாருங்க. அதுக்கும் மீறி வெட்டினால் எழுத்துக்கு 1 பொயின்ட் பேப்பர் நிற ஸ்ட்ரோக் கொடுத்து, வெளிப்பக்கமாக அலைன் பண்ணுங்க. அடிக்கோடு எழுத்துக்குப் பின்னால்தான் ஓடும், அந்த வெள்ளை விளிம்பு காலைச் சுற்றிக் கோட்டை மறைச்சுவிடும்.

ஏறாவூர்_பிளேட்

பேப்பர் ஸ்ட்ரோக் வெள்ளைப் பக்கத்தில் சரி. மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு 10 வீதச் சாம்பல் பெட்டி போடுறது வழக்கம், அதுக்குள்ள முகவரி வந்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு அப்பட்டமாகத் தெரியும். அப்படியான இடத்துக்கு ஸ்ட்ரோக் இல்லாத இன்னொரு ஸ்டைல். என்னைக் கேட்டால் அச்சுக்கு அடிக்கோடே தேவையில்ல, கடதாசியைத் தொட்டு ஒருத்தரும் கிளிக் பண்ணப் போறதில்ல.

கல்லடி_டிசைன்

காக்கா, வட்ஸ்அப்பில் பார்க்கிறவருக்கு அடிக்கோடு வேணும். தமிழ்ச் சொல் வெறும் நீலத்தில் இருந்தால் சிறு திரையில் வெயிலில் கறுப்பு எண்டுதான் தெரியும். அச்சுக்கு வேண்டாம் எண்டால் ஸ்டைலில் அடிக்கோட்டை நிறுத்திப் போட்டு ஏற்றுமதி செய்ங்க, பிறகு திரும்பப் போடுங்க. ஒரு சரிக்குறிதான்.

சாய்வெழுத்துக்கு ஏற்கெனவே வேற கேரக்டர் ஸ்டைல் போட்டிருந்தால் கவனம், தம்பி. ஒரு எழுத்தில் ஒரு கேரக்டர் ஸ்டைல்தான் நிற்கும். இணைப்புப் போட்டவுடனே சாய்வு போயிடும். அந்த இடங்களில் நியூ ஹைப்பர்லிங்க் பெட்டியில் ஸ்டைல் எண்டதில் இருக்கிற சரியை எடுத்துவிட்டு, நிறமும் சாய்வும் சேர்ந்த தனி ஸ்டைல் ஒன்றைக் கொடுங்க.

ஒலுவில்_தட்டச்சு

ஏற்றுமதி பற்றி யாரும் சொல்லல்ல. பிரஸுக்கு அடோபி பிடிஎஃப் பிரிண்ட், ஜெனரல் பக்கத்தில் ஹைப்பர்லிங்க்ஸுக்குச் சரி வேண்டாம். பிரஸ் அச்சுக்கான பிடிஎஃப் எக்ஸ் வகை கேட்டால் கட்டாயம் வேண்டாம். வட்ஸ்அப்புக்கு அடோபி பிடிஎஃப் இன்டரெக்டிவ், அல்லது பிரிண்டிலேயே ஹைப்பர்லிங்க்ஸில் சரி போட்டு. கோப்பு பெரிசு எண்டு திரும்பவும் பிரிண்ட் டூ பிடிஎஃப் கொடுத்துச் சிறிசாக்காதீங்க, இணைப்பெல்லாம் உதிர்ந்துபோகும்.

சோதிக்கும்போது இரண்டு வரியாக உடைஞ்ச முகவரியைத் தெரிவு செய்து இரண்டாவது வரியைத் தொடுங்க. அக்ரோபட் சாதாரண எழுத்தில் இருக்கிற முகவரியையும் தானே இணைப்பாக்கிக் காட்டும், அப்ப நீங்க போட்ட இணைப்பு வேலை செய்யுதா எண்டு தெரியாது. அது தானாக ஆக்கினதெண்டால் உடைஞ்ச முகவரியில் முதல் வரி மட்டும்தான் திறக்கும், அதுவும் அரைகுறைப் பக்கத்துக்கு.