வேளாண் விரிவாக்கம், ஃபோர்-எச், மறுசுழற்சி மூன்றும் ஒரே கமிட்டியின் கீழ்: விஸ்கான்சினில் அதன் அதிகாரம் எதுவரை?

வயலோரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். விஸ்கான்சின் மாநிலத்தில், புறநகர் வீடுகளும் பால்பண்ணைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நாங்கள் குடியிருக்கிறோம். என் மகள் ஃபோர்-எச் எனப்படும் சிறுவர், இளைஞர் மேம்பாட்டுத் திட்டத்தின் சங்கம் ஒன்றில் முயல் வளர்க்கிறாள். கவுண்டி முழுவதும் உள்ள அந்தச் சங்கங்களை ஒருங்கிணைக்க வேண்டிய இளைஞர் மேம்பாட்டுக் கல்வியாளரின் பணியிடம் சென்ற குளிர்காலத்திலிருந்து காலியாகவே கிடக்கிறது. அதைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கவுண்டி போர்டின் கமிட்டிக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வேளாண் விரிவாக்கம், இளைஞர் பணி, மறுசுழற்சி ஆகிய மூன்றும் எங்கள் கவுண்டியில் அந்த ஒரே கமிட்டியின் பார்வையில்தான் இருக்கின்றன.

போய் வந்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. காலிப் பணியிடத்தைப் பற்றிய பேச்சு வந்ததும், ஆளை நியமிப்பது பல்கலைக்கழகம் என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். மக்காச்சோள வயல் செயல்விளக்கம் பற்றிய அறிக்கை பெற்றுக்கொள்ளப்பட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கான மறுசுழற்சி ஒப்பந்தம் ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறியது. ஆனால் கண்காட்சித் திடலில் முயல் கொட்டகைக்கு மின்விசிறி வாங்குவதா வேண்டாமா என்பதை மட்டும் எல்லோரும் நெடுநேரம் விவாதித்தார்கள்.

இந்தக் கமிட்டிக்கு உண்மையில் எதன் மீது அதிகாரம் இருக்கிறது? மூன்று துறைகளை ஏன் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்? மேற்பார்வை என்பது அறிக்கையைக் கேட்டுத் தலையாட்டுவதோடு சரியா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வரவுசெலவு (பதில்):

நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. அந்தக் கமிட்டிக்கு மூன்று துறைகள் மீதும் மூன்று விதமான பிடி இருக்கிறது. உறுப்பினர்களிலேயே பலர் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

விரிவாக்கப் பணியிலிருந்து தொடங்குகிறேன். பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததை உழவர் வாசலுக்குக் கொண்டுபோகும் இந்த ஏற்பாட்டுக்கு, 1914இல் நிறைவேறிய ஸ்மித்-லீவர் சட்டம் நாடு முழுவதும் அடித்தளம் போட்டது. விஸ்கான்சினின் ஒனைடா கவுண்டி அதற்கும் முன்பே, 1912இல், தனக்கென ஒரு வேளாண் முகவரை அமர்த்திக்கொண்டது. அன்றிலிருந்து மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், கவுண்டி ஆகிய மூன்று தரப்பின் பணமும் சேர்ந்துதான் இந்த வண்டி ஓடுகிறது. நம் ஊரில் உதவி வேளாண்மை அலுவலர் மாநில அரசின் ஊழியர். அவருக்கு மேலே யார், கீழே யார் என்பதில் ஐயமே எழாது. இங்கே கல்வியாளர் பல்கலைக்கழகத்தின் ஊழியர், அவர் உட்காரும் அறை கவுண்டியுடையது, அவருக்கு ஆகும் செலவில் ஒரு பங்கையும் கவுண்டி செலுத்துகிறது.

இதற்கான மாநிலச் சட்டப்பிரிவு 59.56(3), பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இப்படியொரு கல்வித் திட்டத்தைக் கவுண்டி போர்டு 'நடத்தலாம்' என்றுதான் சொல்கிறது. 'நடத்தியாக வேண்டும்' என்று சொல்லவில்லை. எனவே கமிட்டியின் உண்மையான பிடி பல்கலைக்கழகத்துடன் கவுண்டி செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எத்தனை பணியிடங்களுக்குப் பணம் கொடுப்பது, அவற்றில் வேளாண்மைக்கு எத்தனை, இளைஞர் பணிக்கு எத்தனை, அலுவலக உதவியாளரை யார் தருவது ஆகியவற்றைக் கமிட்டி பரிந்துரைக்கிறது, போர்டு முடிவு செய்கிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது, அன்றாட வேலையைப் பார்ப்பது, ஆண்டு மதிப்பீடு எழுதுவது எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. 2018 ஜூலையில் விரிவாக்கப் பிரிவு பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தின் கீழ் வந்தது. அதையொட்டிய மறுசீரமைப்பில் பல கவுண்டிகளுக்குச் சேர்த்து ஒரே பகுதி இயக்குநர் என்றாகிவிட்டதால், முன்பு பக்கத்து அறையில் இருந்த மேலாளர் இப்போது இரண்டு கவுண்டி தள்ளி இருக்கக்கூடும்.

ஆகவே 'நாங்கள் நியமிப்பதில்லை' என்று அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. காலியாக இருக்கும் மாதங்களுக்கும் கவுண்டி பணம் கட்டுகிறதா, கட்டினால் அது திரும்ப வருமா அல்லது அடுத்த ஆண்டுக் கணக்கில் கழியுமா, பணியிடம் எப்போது விளம்பரப்படுத்தப்பட்டது, நேர்காணல் குழுவில் கவுண்டியின் ஆள் யாராவது அமர்வாரா என்று பகுதி இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. அவர்கள் அதைக் கேட்கவில்லை என்பதுதான் குறை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிர்வாகத் தலைவராகக் கவுண்டி எக்ஸிகியூட்டிவ் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் கவுண்டிகளில் துறைத் தலைவர்கள் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள். அங்கே கமிட்டி கொள்கையையும் பணத்தையும் பற்றிப் பேசலாமே தவிர, துறைக்குள் நுழைந்து உத்தரவிட முடியாது. உங்கள் கவுண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தொண்டர் (பதில்):

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கமிட்டிக்கு அதிகாரம் போதவில்லை என்று ஃபோர்-எச் பெற்றோர் முறையிடும்போது எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கும். ஃபோர்-எச் என்ற பெயரும் நான்கிலைச் சின்னமும் மத்தியச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சங்கத்துக்கு அனுமதிச் சாசனம் உண்டு. சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருப்பது பிள்ளைகள் வறுத்த சோளப்பொரியும் பூச்செடியும் விற்றுச் சேர்த்த பணம். அந்தக் கணக்கைச் சங்கமே ஆண்டுதோறும் சரிபார்த்துக் கொடுக்கிறது. கவுண்டி அதில் கைவைப்பதில்லை, வைக்கவும் கூடாது.

கல்வியாளர் இல்லாவிட்டால் நின்றுபோவது வேறொன்று. ஃபோர்-எச்சில் பிள்ளைகளோடு பழக வரும் ஒவ்வொரு தொண்டருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். குழந்தைக்குத் தீங்கு நேர்வதாக ஐயம் எழுந்தால் யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்ற பயிற்சியையும் அவர் முடிக்க வேண்டும். இந்த வேலையைப் பிடித்து நடத்த ஆள் இல்லையென்றால் பழைய சங்கங்கள் எப்படியோ ஓடும், புதிய சங்கங்கள் தொடங்கா. பெரும்பாலும் நகர்ப்புறத்துக் குடும்பங்களும் புதிதாகக் குடியேறியவர்களுமே அதனால் வெளியே நிற்கிறார்கள். கமிட்டியிடம் பேசும்போது 'பணியிடம் காலியாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். தொண்டராகப் பதிந்து காத்திருப்பவர் எத்தனை பேர், இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் சங்கத்திலும் பக்கத்துச் சங்கங்களிலும் கேட்டுத் தொகுத்துக்கொண்டு போங்கள். அப்படிப்பட்ட கணக்குக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

மின்விசிறியைப் பற்றி ஒரு சொல். முயல் குளிரைத் தாங்கும், வெக்கையைத் தாங்காது. கோடைக் கண்காட்சியில் காற்றோட்டமில்லாத கொட்டகைக்குள் காதுகள் துவண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் முயலின் கூண்டுக்குள், உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியை அதன் விலாவோடு சாய்த்து வைக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அந்த விவாதத்தை வீண் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கண்காட்சியைப் பல இடங்களில் தனியொரு சங்கம் நடத்துகிறது. அப்படியானால் அந்த விசிறி இந்தக் கமிட்டியின் பொருளே அல்ல.

நீலத்தொட்டி (பதில்):

மூன்றில் கமிட்டிக்குச் சட்டப்படியான கடமை அதிகமாக உள்ள பொருள் மறுசுழற்சி. அதற்குத்தான் ஒரு கேள்வியும் எழவில்லை என்கிறீர்கள். எனக்கு அதுவே பெரிய கவலையாகப் படுகிறது.

விஸ்கான்சினின் மறுசுழற்சிச் சட்டம் 1990இல் வந்தது. தோட்டக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவது 1993 முதலும், செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கண்ணாடிப் புட்டி, தகரக் குவளை போன்றவற்றைக் கொட்டுவது 1995 முதலும், தொலைக்காட்சி, கணினி முதலிய மின்னணுப் பொருள்களைக் கொட்டுவது 2010 முதலும் தடை செய்யப்பட்டன. தடையை நடைமுறைப்படுத்த ஒவ்வொரு ஊருக்கும் ஒரு 'பொறுப்பு அலகு' இருக்க வேண்டும். மாநிலத்தில் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகள் உள்ளன. இயல்பாக அது ஊராட்சியின் பொறுப்பு. கவுண்டி தீர்மானம் போட்டு அதை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் விதியாணை இயற்றுவது, அதை மீறுவோர் மீது நடவடிக்கை எடுப்பது, மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, பொருளைச் சேகரிப்பது, ஆண்டுதோறும் மாநில இயற்கைவளத் துறைக்குக் கணக்குக் கொடுப்பது எல்லாம் கட்டாயம். 5,000 பேருக்குக் குறையாமல் வாழும், சதுர மைலுக்கு 70 பேருக்குக் குறையாத நெருக்கமுள்ள ஊர்களில் வீட்டு வாசலிலேயே சேகரிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. விரிவாக்கப் பணி 'நடத்தலாம்'. இது 'நடத்தியே ஆக வேண்டும்'.

பணத்துக்கு வருவோம். குப்பைமேட்டில் கொட்டப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 7 டாலர் மறுசுழற்சிக் கட்டணமாக மாநிலம் வசூலித்து, அடிப்படை மானியமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1.9 கோடி டாலரை அலகுகளுக்குப் பிரித்துத் தருகிறது. அது உள்ளூர்ச் செலவில் ஒரு பகுதிக்குத்தான் வரும். மீதியைப் பெரிதும் தீர்மானிப்பது நீங்கள் பார்த்த அந்த ஒப்பந்தம். 2018இல் சீனா அழுக்குக் கலந்த காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் வாங்க மறுத்தபோது கலப்புக் காகிதத்தின் விலை சரிந்து, சில இடங்களில் எடுத்துக்கொள்ள எதிர்ப்பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நட்டம், சேகரித்த பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஆலையின் தலையிலா, கவுண்டியின் தலையிலா என்பதை ஒப்பந்தத்தில் உள்ள ஓரிரு வரிகள்தான் தீர்மானித்தன. விலை ஏறினால் நமக்கு என்ன பங்கு, இறங்கினால் யார் தாங்குவது, அசுத்தத்தின் அளவை யார் எப்படி அளக்கிறார்கள், கழித்துவிட்டதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பும் செலவு யாருடையது என்ற கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்திடும் கமிட்டி மேற்பார்வை செய்ததாகச் சொல்ல முடியாது.

முடிந்தால் உறுப்பினர்களை ஒருமுறை ஆலைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். கடைப் பைகளும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் சுழலும் தண்டுகளில் முடிமுடியாகச் சுற்றிக்கொள்ளும். ஓட்டத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுப்பார்கள். அப்படி நிற்கும் நேரமெல்லாம் யாரோ ஒருவருக்குச் செலவு. பெரிய ஆலையைத் தனித்து நடத்துவது கடினம் என்பதால்தான் ஔட்டகாமி, பிரவுன், வின்னிபேகோ ஆகிய மூன்று கவுண்டிகள் சேர்ந்து 2009இல் ஒன்றையும், மில்வாக்கி நகரமும் வௌகிஷா கவுண்டியும் சேர்ந்து 2015இல் ஒன்றையும் தொடங்கின.

மூன்றையும் ஏன் ஒன்றாகக் கட்டினார்கள் என்று கேட்டீர்கள். கமிட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதில் தத்துவம் ஏதும் இல்லை. ஆனாலும் ஒரு இடத்தில் இந்தக் கட்டு பொருந்துகிறது. பண்ணைக் கொட்டகையில் கிடக்கும் பழைய பூச்சிமருந்தையும் வீடுகளின் நச்சுப் பொருள்களையும் சேகரிக்கும் 'கிளீன் ஸ்வீப்' முகாம்களுக்கு மானியம் தருவது மாநில வேளாண் துறை. அதேபோல் சைலேஜை (புளிக்கவைத்த பசுந்தீவனம்) மூடும் பிளாஸ்டிக்கும் வைக்கோல் உருளைகளைச் சுற்றும் உறையும் மண்ணும் புளித்த தீவனமும் ஒட்டி வருவதால் வீட்டுத் தொட்டிப் பொருள்களைப் பிரிக்கும் ஆலை அவற்றை ஏற்பதில்லை. எந்தப் பண்ணையில் எவ்வளவு சேர்கிறது, எந்த மாதத்தில் சேர்கிறது என்று தெரிந்தவர் வேளாண் கல்வியாளர். அவரையும் மறுசுழற்சியைக் கவனிப்பவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்திருக்கும் கமிட்டி, இருவரையும் பேச வைத்தால் பலன் உண்டு.

வயலோரம்:

மூவருக்கும் நன்றி. ஒப்பந்த நகலை முதலில் வாங்கிப் படிக்கப்போகிறேன். ஓர் ஐயம் மட்டும் மிச்சம்: கமிட்டிக் கூட்டத்தில் என்னைப் போன்ற குடிமக்கள் எழுந்து பேச உரிமை உண்டா? எந்த மாதத்தில் போனால் பயன்?

வரவுசெலவு:

கூட்டத்தில் வந்து உட்கார உங்களுக்கு உரிமை உண்டு. பேசும் உரிமையைச் சட்டம் உறுதி செய்யவில்லை. நிகழ்ச்சி நிரலில் பொதுமக்கள் கருத்து என்று ஒரு பகுதி இருந்தால் பேசலாம். ஆனால் நிரலில் இல்லாத பொருளின் மேல் அவர்கள் அன்றே முடிவெடுக்க முடியாது, ஏனெனில் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பாகப் பொருளைக் குறிப்பிட்டு அறிவிப்புத் தர வேண்டும் என்பது பொது விதி. எனவே கூட்டத்தில் திடீரென எழுவதைவிட, 'இளைஞர் கல்வியாளர் பணியிடத்தின் நிலையும் ஒப்பந்தத் தொகையும்' என்று ஒரு பொருளை அடுத்த நிரலில் சேர்க்கும்படி கமிட்டித் தலைவருக்கும் உங்கள் வட்டத்தின் சூப்பர்வைசருக்கும் (போர்டு உறுப்பினர்) முன்கூட்டியே எழுதுவது நல்லது.

மாதம் என்றால், கோடை. துறைகள் அப்போதுதான் அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கையைத் தயாரிக்கின்றன. கமிட்டி அதைப் பார்த்து அனுப்பியதும் இலையுதிர் காலத்தில் நிதிக் கமிட்டி வெட்டும், நவம்பர் கூட்டத்தில் போர்டு நிறைவேற்றும். பட்ஜெட் மீதான பொது விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பாக நாளிதழில் அறிவிப்பு வரும். ஆனால் அந்தக் கட்டத்தில் போய் நிற்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அனுதாபம்தான். சொத்துவரியை உயர்த்துவதற்கு மாநிலம் வைத்திருக்கும் உச்சவரம்பு, புதுக் கட்டடங்களால் கூடும் மதிப்பைப் பொறுத்தே தளர்கிறது; நெருக்கடி ஆண்டில் கட்டாயச் செலவைத் தொட முடியாததால் கண்கள் விருப்பச் செலவின் பக்கம் திரும்பும். மாதக்கணக்கில் ஆளில்லாத பணியிடம் நிதிப் பிரிவுக்கு மிச்சமாகவே தெரியும். அது மிச்சமல்ல, நின்றுபோன வேலை என்று கோடை முடிவதற்குள் கமிட்டியின் குறிப்பேட்டில் பதிவாகிவிட வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் தேர்தல் முடிந்து கமிட்டிகள் மாற்றியமைக்கப்படும்; அப்படி மாறியிருந்தால் புதிய உறுப்பினர்களுக்கு முழுக் கதையையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

ஒப்பந்த நகல்களைக் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவோ, நீங்கள் யார் என்று தெரிவிக்கவோ பொதுவாகத் தேவையில்லை. பல்கலைக்கழக ஒப்பந்தம், மறுசுழற்சி ஒப்பந்தம் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.