14, 15 மட்டும் இடம் மாறி நிற்கிறது, தீர்க்க முடியுமா?

வேளச்சேரி அப்பா:
பாண்டி பஜாரில் மகளுக்கு 15 கட்டைகளை நகர்த்தும் புதிர் வாங்கினேன், 4×4 பலகையில் ஒரு காலியிடத்தை வைத்து 1 முதல் 15 வரை வரிசையாக அடுக்க வேண்டும். கட்டைகளை நெம்பி எடுத்து இஷ்டத்துக்குத் திரும்பப் போட்டுவிட்டாள். இப்போது 13 வரை சரியாக வருகிறது, கடைசியில் 15, 14 என்றே நிற்கிறது. வழி இருக்கிறதா?

அடையாறு கணக்கு:
முடியாது சார். ஒவ்வொரு நகர்த்தலும் காலியிடமும் ஒரு கட்டையும் இடம் மாறுவதுதான். பலகையைச் சதுரங்கம் மாதிரி கறுப்பு வெள்ளையாக நினைத்துக்கொண்டால் காலியிடம் ஒவ்வொரு முறையும் நிறம் மாறும், அதனால் கிளம்பிய மூலைக்கே அது திரும்பி வர இரட்டைப்படை நகர்த்தல்கள்தான் ஆகும். இரண்டு கட்டைகள் மட்டும் மாற ஒற்றைப்படை வேண்டும். 1879-லேயே ஜான்சன் என்ற கணிதவியலாளர் இதை நிரூபித்தார். கட்டைகளை அடுக்கக்கூடிய அமைப்புகளில் பாதி இப்படித் தீராதவை, மீதிப் பாதி அத்தனையும் தீரும் என்று கூடவே ஸ்டோரி என்ற இன்னொரு கணிதவியலாளர் காட்டினார், எனக்கு அதுதான் இன்னும் அழகு.

பெரம்பூர் ரவி:
அந்தப் பாதியே சுமார் 10.46 லட்சம் கோடி அமைப்புகள்! ஆனாலும் எதையும் 80 நகர்த்தலுக்குள் முடித்துவிடலாம். 3×3 பலகை என்றால் 1,81,440 அமைப்புகள், அதிகபட்சம் 31 நகர்த்தல்.

அடையாறு கணக்கு:
சார், கட்டையைக் கழற்றாமலே ஒரு வழி உண்டு. காலியிடம் மேல் இடது மூலையில் இருக்கும்படி, அடுத்த கட்டத்திலிருந்து 1 முதல் 15 வரை அடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பலகையில் அது கட்டாயம் வரும்.